கத்தியில் இருந்த விரல்

என் மேசையின் வலப்பக்க இழுப்பறையில், விரல் ரேகை பதியும் கருவியின் வயர்ச் சுருளுக்குப் பக்கத்தில், ஒரு மடக்குக் கத்தி கிடக்கிறது. கொம்புப் பிடி, விரித்தால் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு அலகு. எவர்சில்வர் கிடையாது, அசல் இரும்பு. பழம் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு மடக்கினால் துருவேறும், துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் இரண்டு தலைமுறைக்கு வரும் என்கிற ரகம். எங்கள் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கவர் பிரிக்கவா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கவர் பிரிக்க பிளேடு தனியாக இருக்கிறது. இந்தக் கத்தியின் கறையை நான் மூன்று முறை எடுத்திருக்கிறேன். நான்காவது முறை எடுக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பேய்க்கதை அளக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

கத்தி என் அத்தையிடம் இருந்தது. அப்பாவின் தங்கை. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக ஒரு புகை உள்ளே வரும். முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை. புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அது ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த ரோட்டோரக் கொட்டகைகளில் ஒன்றில்தான் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டைச் சட்டியில் கொட்டையை வறுத்து, சாம்பலில் புரட்டி, கட்டையால் ஒரே தட்டாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பாள். கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் லேசுப்பட்டதில்லை. பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலை பார்த்தாலும் வருஷா வருஷம் அது உரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அத்தையின் விரல் நுனிகளில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. பத்து விரலும் வழுவழுவென்று, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருக்கும்.

மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், ஒரு பங்குனி மாதம் காலையில் கிளம்பிப் போனவர். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரத்தில் முந்திரிப்பழம் பறித்து, அந்தக் கத்தியால் கீற்றுக் கீற்றாக நறுக்கி, உப்புத் தொட்டுத் தின்றார். கையைக் கழுவவில்லை. அப்படியே கத்தியை மடக்கி மாடக்குழியில் வைத்துவிட்டு, ஆவுடையார்கோவில் வரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சண்டை இல்லை, கடன் இல்லை, வேறு தொடுப்பு இருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. அப்பா ஆவுடையார்கோவிலில் ஒவ்வொரு கடையாகக் கேட்டார். கட்டுமாவடியில் மீன் லாரியில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே போய்க் கேட்டால் அப்படி ஒரு லாரியே அன்றைக்கு வரவில்லை என்றார்கள். அதோடு சரி. மாமா எங்கேயும் போய்ச் சேரவில்லை, எங்கேயும் செத்துப்போகவும் இல்லை.

நாற்பது நாள் கழித்து அத்தை கத்தியை விரித்துப் பார்த்திருக்கிறாள். பழச்சாறும் உப்பும் சேர்ந்து அலகு முழுக்க மேகம் கட்டினாற்போலக் கறுத்திருந்தது. அடிப்பக்கம், பிடியை ஒட்டி, ஒரு பெருவிரல் அடையாளம். மடக்கும்போது மாமா அழுத்திய இடம். கோடுகள் கீழிருந்து எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும், சங்கு என்பார்களே, அந்த அமைப்பு. கருநீலத்தில், மை தொட்டு வைத்ததைவிடத் தெளிவாக, ஒவ்வொரு கோடும் எண்ணிவிடலாம்போல இருந்தது. எனக்கு அத்தை அதைக் காட்டியபோது பதினான்கு வயசு. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். பயம் அப்போது வரவில்லை.

பயப்படுகிறவள் இல்லை நான். கம்ப்யூட்டர் படித்து, மையம் எடுத்து, ஊரில் பாதிப்பேருடைய பெயர்த் திருத்தமும் பிறப்புச் சான்றிதழும் என் கைவழியாகத்தான் போகிறது. எதற்கும் ஒரு ஆவணம் இருந்தாக வேண்டும் என்று நம்புகிற ஆள். அத்தை ஒருநாள் விரல் பதிவுக்காக வந்தாள். கருவியின் கண்ணாடியில் பெருவிரலை வைக்கச் சொன்னேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைக்கச் சொன்னேன். சிவப்பு. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, வெந்நீரில் ஊறவைத்து, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரையில் "விரலை மீண்டும் வைக்கவும்" என்றுதான் வந்தது. வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள்.

"இன்னும் எத்தன தடவைடி வைக்கிறது? இதுக்கு நான் யாருன்னே தெரியலையா?" என்றாள் அத்தை.

"ஒங்க கையில ரேகையே இல்ல அத்த. கொட்டை எண்ணெய் தின்னுருச்சு."

அத்தை கொஞ்ச நேரம் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, கத்தியை எடுத்து விரித்து என் மேசைமேல் வைத்தாள். "எனக்கு இல்லாட்டி போகுது. எங்க வீட்டுக்காரர் ரேகை இருக்கு, வேணும்னா எடுத்துக்க. அழியாம வச்சிருக்கேன்ல." வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தை அந்தக் கத்தியால் எதையும் நறுக்குவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றுவாள், தேய்க்க மாட்டாள். அந்தக் கறை அவளுக்குத் தாலிக்குச் சமம்.

என் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. அத்தைக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. புகை நெஞ்சில் கட்டி இருமல். கொட்டகைக்குப் போக முடியாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. கணவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விதவை உதவித்தொகைக்கு நானே விண்ணப்பம் போட்டுவிடுவேன். இருபது வருஷமாகக் காணாமல் போனவர், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அத்தை போடவில்லை. மூன்று தடவை படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தடவையும் கத்தியை எடுத்துக் காட்டினாள். "ஆளு இங்கதானே இருக்காரு. இருக்கிறவரை இல்லேன்னு எழுதுன்னா எப்படித்தா எழுதுறது?" எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு இரும்புத் துண்டில் இருக்கிற கறைக்காக ஒரு பொம்பளை பட்டினி கிடக்கவா என்று வீட்டில் கத்தினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். வறுக்கிற சட்டி, கட்டை, தராசு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைக்க அத்தைக்கு ஒத்தாசை. அத்தை குளிக்கக் குளத்துக்குப் போயிருந்தாள். சுருக்குப்பை ஆணியில் தொங்கியது. இரும்புச் சாமானையெல்லாம் தேய்த்து வைக்கிற நாள். இதையும் தெரியாமல் தேய்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன், பிறகு எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்களே, வழவழப்பான கறுப்பு உப்புத்தாள், அதைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

முதலில் மண்ணெண்ணெய் விட்டு இத்தனை வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். பிறகு சோடா உப்பைக் குழைத்துத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டுத் தேய்த்தேன். முனையிலிருந்து அலகு வெளுத்துக்கொண்டு வந்தது. கறை வேறு, துரு வேறு. துரு உதிரும், கறை உதிராது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கித்தான் போகும். தண்ணீர் கறுப்பாக வழிந்தது. ஒரு மணி நேரத்தில் அலகு முழுக்க வெள்ளையாகிவிட்டது, அந்தப் பெருவிரல் ஒன்றைத் தவிர. சுற்றிலும் இருந்த கறுப்பு போனதில் அது முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. உப்புத்தாளை நனைத்து அந்த ஒரு இடத்தையே ஒரே திசையில் இழுத்தேன். கோடு கோடாகத்தான் போயிற்று. கடைசிக் கோடு மறையும்போது ஒரு வாசனை வந்தது. தொண்டையைக் கரகரக்க வைக்கும் பழுத்த முந்திரிப்பழ வாசனை. அது புரட்டாசி மாதம். மரத்தில் பூகூடக் கிடையாது. எழுந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பழைய வேட்டித் துணியில் விபூதியை வைத்துப் பளபளப்பு ஏற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து மற்ற சாமான்களோடு வரிசையில் வைத்துவிட்டேன்.

அத்தை ஈரத் தலையோடு வந்தாள். பார்த்தாள். அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். அவள் கத்தியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அலகில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாமத் தேய்ச்சுட்டேன் அத்த."

"சரி விடு. இன்னைக்கு எல்லாத்தையும் தேய்க்கிறதுதானே. அவரு கொஞ்சம் உள்ளுக்கப் போயிருக்காரு, அம்புட்டுத்தான். வருவாரு." என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பூஜைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கினாள். அந்தக் கத்தியாலேயே நறுக்கி, துடைக்காமல் மடக்கிப் பைக்குள் போட்டாள். இருபது வருஷத்தில் அவள் அதால் நறுக்கியது அன்றைக்குத்தான்.

கார்த்திகைத் தீபத்தன்று கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். கத்தியை விரித்தாள். அலகு லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. அடிப்பக்கம் அதே இடத்தில் அதே பெருவிரல். கீழிருந்து எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும் கோடுகள். "சொன்னேன்ல" என்றாள் அத்தை, பஸ் சரியான நேரத்துக்கு வந்ததைச் சொல்வதுபோல.

காரணம் தேடினேன், தேடாமல் இருக்க முடியுமா? இரும்பைப் பழச்சாறும் உப்பும் மேலே மட்டும் பிடிப்பதில்லை, நுணுக்கமாகக் குழித்தும் விடும். நான் மேலே இருந்த கறுப்பைத்தான் எடுத்திருப்பேன், குழிகள் அப்படியே இருந்திருக்கும், எலுமிச்சைச் சாறு அதில் போய்த் தங்கி மறுபடி கறுத்திருக்கும். நல்ல காரணம். இன்றுவரைக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அத்தை தன் விரலை வைத்திருக்கலாமோ என்றால், அவள் விரலில் கோடு இல்லை, அதை என்னைவிட யார் அறிவார்? என் விரலாக இருக்குமோ என்று என் பத்து விரலையும் மையில் தொட்டுப் பார்த்தேன். எனக்குப் பத்தும் சக்கரம், வட்டவட்டமாகச் சுற்றுகிற ரேகை. ஒரு சங்குகூடக் கிடையாது.

அடுத்த வாரம் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். கத்தியை ஒருநாள் கேட்டு வாங்கி வந்து, மையத்தில் ஆள் இல்லாத மத்தியானத்தில், கருவியில் சோதனைப் பதிவைத் திறந்து, அலகின் அடையாளத்தைக் கண்ணாடிமேல் வைத்தேன். சும்மா ஒரு விளையாட்டு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தையின் விரலைப் பதினேழு தடவை ஏற்காத கருவி, முதல் தடவையிலேயே பச்சை விளக்கைக் காட்டியது. திரையில் ஒரு பெருவிரல் பெரிதாக எழுந்து நின்றது. தெளிவு நன்று என்று வந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டில் தஞ்சாவூர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, நான் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு மையத்தைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தையே கத்தியை நீட்டினாள். "ஒனக்கு மனசு ஆறலையில்ல. இந்தா, தேய்ச்சுப் பாரு. நல்லா அழுத்தித் தேய்யி." அவள் முன்னாலேயே உட்கார்ந்து தேய்த்தேன். இந்த முறை முரட்டு உப்புத்தாள். குழியென்ன, குழிக்குக் கீழே இருக்கிற இரும்பும் போகட்டும் என்று, அலகு மெலிந்து, முனையில் பட்டறைக்காரர் எழுத்து வெட்டியிருந்தது மறைகிறவரைக்கும் தேய்த்தேன். விரலில் கொப்புளம் வந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கொஞ்சம் பரிதாபப்பட்டாள் என்று நினைக்கிறேன். தை மாதம் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்கிக்கொண்டு போனபோது அந்தப் பெருவிரல் வந்திருந்தது. நான் படிவத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் செலவை நான் பார்த்துக்கொண்டேன். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம், கத்தியோடு மல்லுக்கட்டியதற்கு.

அத்தை போன வருஷம் ஐப்பசியில் செத்துப்போனாள். காலையில் டீக்கு வரவில்லையே என்று பக்கத்துக் கொட்டகைக்காரம்மா போய்ப் பார்த்திருக்கிறாள். கொட்டகைக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். மழை விட்டிருந்த நேரம்; மடியில் நாலு பழுத்த இலை விழுந்து கிடந்தது.

சாவு வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் பக்கம் பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். புருஷன் இருக்கிறவளுக்குச் சிவப்புச் சேலை, மஞ்சள், பூ, குங்குமம். இல்லாதவளுக்கு வெள்ளை, தாலியையும் கழற்ற வேண்டும். அத்தை எந்தக் கணக்கு? அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீட்டு ரத்தத்தில் மிச்சம் நான் ஒருத்திதான், அதனால் கோடி என் பொறுப்பு. அப்பாவின் அண்ணன் மனைவி, எங்கள் பெரியம்மா, குடும்பத்தில் மூத்தவர். கூட்டம் மொத்தமும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்.

"ஏத்தா, என்ன கோடி எடுக்கப் போற? வெள்ளையா, செவப்பா?"

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருபத்து மூன்று வருஷமாக வராதவன் எங்கே உயிரோடு இருக்கப் போகிறான், ஊர் வழக்கத்தை மாற்றக் கூடாது, சிவப்புக் கட்டி அனுப்பிவிட்டு நாளைக்கு அவன் செத்த தேதி தெரிந்தால் யார் பதில் சொல்வது என்றெல்லாம். அத்தை என்னிடம் உதவித்தொகை கேட்டதில்லை, எதையுமே கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, இருமலுக்கு நடுவே, "பூ வச்சுத்தான் என்னைய அனுப்பணும்த்தா" என்றிருக்கிறாள். நான் எழுந்து போய் ஆணியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தேன். கத்தியை விரித்தேன். அலகு கறுத்திருந்தது, பெருவிரல் இருந்தது. கூட்டத்துக்குக் காட்டவில்லை, காட்டினால் சிரித்திருப்பார்கள்.

"செவப்பு எடுக்குறேன் பெரியம்மா."

"நெசமாத்தான் சொல்றியா? அவன் இல்லேன்னு எழுதி வாங்க நீதானே அலைஞ்ச?"

"ஆமா, அலைஞ்சேன். மாமா இருக்காரு. எனக்குத் தெரியும்."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஆவணமும் இல்லாமல் நான் உறுதியாகச் சொன்ன முதல் விஷயம் அது. நம்பித்தான் சொன்னேனா என்று கேட்டால் தெரியவில்லை. புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் சேலையைப் பிரித்துக் காட்டியபோது அந்தச் சிவப்பைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கோடி உடுத்தி, மல்லிகை வைத்ததும் அத்தை கல்யாணத்துக்குக் கிளம்பியவளாட்டம் இருந்தாள். அவள் கையை எடுத்து நெஞ்சில் வைத்தபோது விரல்கள் சில்லென்று, வழுவழுவென்று என் விரல்களிலிருந்து வழுக்கின. அப்போதுதான் அழுதேன். தலைமாட்டில் ஒரு இரும்பு வைப்பது வழக்கம். பெரியம்மா கேட்டதும் கையிலிருந்த கத்தியையே வைத்தேன்.

சாவு வீட்டில் வைத்த இரும்பைத் தேய்த்துக் கழுவாமல் புழங்கக் கூடாது. பதினாறாம் நாள் பாத்திரம் பண்டத்தோடு கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மண்ணெண்ணெய், சோடா உப்பு, உப்புத்தாள் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. ஈரத் துணியால் ஒரு தடவை வழித்தேன். பெருவிரல் போய்விட்டது. தரையில் சிந்திய டீயைத் துடைத்த மாதிரி அவ்வளவு லேசாகப் போய்விட்டது. இரண்டு வருஷம் அடுத்தடுத்து மணிக்கணக்கில் தேய்த்தவள் நான். துணியைப் பார்த்தேன், கறுப்பே ஒட்டவில்லை. நான் கேட்காமலேயே எனக்கு ஒரு பதில் சொல்லப்பட்டதுபோல இருந்தது. மாமா எங்கேயோ இருந்தார், இப்போது கிளம்பிவிட்டார் என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

அதன் பிறகு கத்தி வெறும் கத்தியாகிவிட்டது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பளிச்சென்று கிடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அந்தக் கறையை ஒழிக்க நான் பட்ட பாடு என்ன, இப்போது அது வராதா என்று ஏங்குகிற ஏக்கம் என்ன? இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. பின்னால் மரம் காய்த்துத் தள்ளியிருந்தது. ஒரு பழம் பறித்து நறுக்கி, உப்புத் தொட்டு, அத்தை சாய்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து தின்றேன். தொண்டை கரகரத்தது. கத்தியைத் துடைக்கவில்லை. ஆனால் ஒன்றில் கவனமாக இருந்தேன்: அலகில் என் விரல் படவே கூடாது என்று பிடியையும் அலகின் முதுகையும் மட்டும் துணியால் பிடித்து மடக்கினேன். கொண்டுவந்து இழுப்பறையில் வைத்து, நாற்பது நாள் தொடவில்லை.

போன வெள்ளிக்கிழமை நாற்பது நாள் முடிந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், முதல் ஆள் வருவதற்கு முன்னால், நகத்தால் நெம்பி விரித்தேன். அலகு அழகாகக் கறுத்திருந்தது, ஓரத்தில் நீலமும் ஊதாவும் ஓடியிருந்தது. அடிப்பக்கம் அதே இடத்தில் ஒரு பெருவிரல் அளவு நீள்வட்டம். மாமா வந்துவிட்டாரா? ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மாமாவின் சங்கு இல்லை. என் சக்கரமும் இல்லை. பெரிய எழுத்துப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் தேடினேன். ஒரு கோடுகூட இல்லை. வழுவழுவென்று, கருநீலமாக, யாரோ அழுத்தி வைத்துவிட்டு அப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது.

கருவியை இயக்கி, சோதனைப் பதிவைத் திறந்து, கத்தியைக் கண்ணாடிமேல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது.

விரலை மீண்டும் வைக்கவும்.

"போதும் அத்த" என்று சொல்லிவிட்டுக் கருவியை அணைத்தேன். பிறகு கத்தியை எண்ணெய் தொட்ட துணியால், தேய்க்காமல், ஒற்றி எடுத்து இழுப்பறையில் வைத்தேன்.